அக்ரிலிக் பல்செட், ஃப்ளெக்சிபிள் பல்செட்: இரண்டையும் 9 ஆண்டுகள் அணிந்த பிறகு

சில பற்களை மட்டும் இழந்தவர்கள் கழற்றி மாட்டும் பகுதிப் பல்செட்டுக்காகப் பல் மருத்துவரிடம் போனால், அளவு எடுப்பதற்கு முன்பே ஒரு கேள்வி வந்துவிடும்: விறைப்பான அக்ரிலிக்கில் செய்யலாமா, வளைந்து கொடுக்கும் ஃப்ளெக்சிபிளில் செய்யலாமா? எனக்கு மேல்வரிசையில் இடப்பக்கம் கோரைப்பல்லுக்கு அடுத்த இரண்டு பற்களும், கீழ்வரிசையில் வலப்பக்கம் கடைசி இரண்டு கடைவாய்ப் பற்களும் இல்லை. முதல் 4 ஆண்டுகள் இரண்டு இடங்களிலும் அக்ரிலிக் செட் அணிந்தேன். அதன் பிறகு இரண்டு இடங்களிலும் ஃப்ளெக்சிபிளுக்கு மாறினேன். ஒரே வாரத்தில், ஒரே லேப்பில், ஒரே பொருளில் செய்யப்பட்ட அந்த இரண்டு ஃப்ளெக்சிபிள் செட்டுகளில் மேல் செட்டை 5 ஆண்டுகளாக நிறைவோடு அணிந்து வருகிறேன். கீழ் செட்டை இரண்டரை ஆண்டுகளிலேயே கைவிட நேர்ந்தது. பொருள் ஒன்றாக இருந்தும் ஏன் இப்படி ஆயிற்று என்பது எனக்குப் புரியச் சிறிது காலம் பிடித்தது. தேர்வு செய்ய வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்கு அது முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

முதலில் அக்ரிலிக். வேதியியலில் பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட் என்று அழைக்கப்படும் இந்தப் பிளாஸ்டிக் 1930-களின் பிற்பகுதியில் பல்செட்டுக்கு வந்தது. அதற்கு முன் கந்தகம் சேர்த்துக் கெட்டிப்படுத்திய ரப்பரில்தான் பல்செட்டின் தளம் செய்யப்பட்டது. இளஞ்சிவப்புப் பொடியையும் திரவத்தையும் கலந்து, மாவுப் பதம் வந்ததும் அச்சில் வைத்து அழுத்தி, வெந்நீர்த் தொட்டியில் பல மணி நேரம் மெல்லச் சூடேற்றி இறுக வைக்கிறார்கள். அந்தத் திரவம் ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கக் கூடியது என்பதால், அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் பல்செட்டின் தடித்த பகுதிகளுக்குள் நுண்ணிய குமிழ்கள் தங்கிவிடும். கையில் வாங்கியதும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்; உள்ளே வெண்புள்ளிகள் தெரிந்தால் அது நிறமல்ல, குமிழ். அந்த இடங்கள் வலு குறைந்தவை. அழுக்கும் எளிதில் சேரும்.

அக்ரிலிக் செட்டை முதல் நாள் அணிந்தபோது வாய்க்குள் ஓர் அந்நியப் பொருள் இருக்கிறது என்ற உணர்வு ஒரு நொடியும் விலகவில்லை. அக்ரிலிக் உடையாமல் இருக்க அதற்கு ஓரளவு தடிமன் வேண்டும். மேல் செட்டின் தட்டு அண்ணத்தின் ஒரு பகுதியை மூடும். நாக்கு மடிந்து அண்ணத்தைத் தொட்டுப் பிறக்கும் ழகரமும் ளகரமும் எனக்கு முதல் பத்து நாட்கள் சரியாக வரவேயில்லை. சகரம் சீறியது. தனியே உட்கார்ந்து நாளிதழை உரக்கப் படித்துத்தான் அதைச் சரிசெய்தேன். இதைவிட என்னை உறுத்தியது கம்பி. அக்ரிலிக் விறைப்பானது, வளைந்து பல்லைக் கவ்வாது. ஆகவே பக்கத்துப் பற்களைப் பிடிக்க ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனுள்ள எஃகுக் கம்பியைக் கொக்கியாக வளைத்துப் பதிக்கிறார்கள். என் மேல் செட்டின் கொக்கி கோரைப்பல்லைச் சுற்றி வந்தது. சிரித்தால் அது பளிச்சென்று தெரியும். நாலு வருடமும் பேசும்போது மேலுதட்டைச் சற்று இழுத்துப் பிடித்தே பழகிவிட்டேன் என்பதைப் பிறகு பழைய புகைப்படங்களைப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன்.

ஆனால் அந்த 4 ஆண்டுகளில் அக்ரிலிக்கின் ஒரு குணத்தை நான் போதுமான அளவு மதிக்கவில்லை. அதை எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தலாம். ஈறில் ஓரிடம் புண்ணானபோது மருத்துவர் அந்த இடத்துக்கு நேராகச் செட்டின் உள்பக்கத்தைத் தேய்த்து, மெருகேற்றிப் பத்து நிமிடத்தில் திருப்பித் தந்தார். கொக்கி தளர்ந்தபோது குறடால் ஒருமுறை நெருக்கிவிட்டார், அவ்வளவுதான். ஒருநாள் காலையில் கழுவும்போது கீழ் செட் கைநழுவிக் கழுவுத்தொட்டியில் விழுந்து இரண்டாக உடைந்தது. இரண்டு துண்டுகளையும் பத்திரமாக எடுத்துச் சென்றேன், அறை வெப்பத்திலேயே இறுகும் அக்ரிலிக்கைக் கொண்டு இணைத்து அன்று மாலையே கொடுத்துவிட்டார்கள். அது முதல் தொட்டியில் தண்ணீரை நிரப்பி வைத்துக்கொண்டு அதற்கு மேலே பிடித்துத்தான் கழுவுகிறேன்.

எல்லாவற்றிலும் முக்கியமானது 7-ஆம் மாதத்தில் நடந்தது. பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறிச் சுருங்கும். முதல் சில மாதங்களில் அந்தச் சுருக்கம் வேகமாக இருக்கும், பிறகு மெதுவாகத் தொடரும். செட் அப்படியே இருக்க, அடியில் உள்ள மேடு தாழ்ந்துவிடுவதால் இடைவெளி விழுகிறது. எனக்கும் அப்படித்தான் கீழ் செட் ஆடத் தொடங்கியது. உள்பக்கத்தில் புதிதாக அக்ரிலிக் ஒரு படலம் சேர்த்து ஈறின் இப்போதைய வடிவத்துக்குப் பொருத்தினார்கள், ரீலைனிங் என்பார்கள். பழைய அக்ரிலிக்கோடு புதியது வேதியியல் முறையிலேயே ஒட்டிக்கொள்வதால் இது சாத்தியமாகிறது. செட்டில் உள்ள பற்களும் அக்ரிலிக்காக இருந்தால் அவையும் தளத்தோடு அப்படியே ஒட்டியிருக்கும். நாளைக்கு இன்னொரு பல் போனாலும் அதே செட்டில் ஒரு பல்லைச் சேர்த்துக்கொள்ளலாம்.

கம்பி தெரிவது பொறுக்காமல்தான் ஃப்ளெக்சிபிளுக்கு மாறினேன். பெரும்பாலான ஃப்ளெக்சிபிள் செட்டுகள் நைலான் வகைப் பிளாஸ்டிக்கால் ஆனவை. 1950-களில் அமெரிக்காவில் வெளிவந்த வால்பிளாஸ்ட் இவற்றில் மிகப் பழையதும் பரவலாக அறியப்பட்டதும் ஆகும். பொடியும் திரவமும் கலப்பது இதில் கிடையாது. நைலானை உயர்ந்த வெப்பத்தில் உருக்கி அழுத்தத்தோடு அச்சுக்குள் செலுத்துகிறார்கள். அக்ரிலிக்கில் இறுகாமல் எஞ்சிவிடும் மோனோமர் என்ற அந்தக் கலவைத் திரவத்தின் பேச்சே இதில் இல்லாததால், அக்ரிலிக் பட்டு வாய் எரிகிறது, ஈறு சிவக்கிறது என்று உறுதி செய்யப்பட்ட ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது உண்மையான மாற்று. அக்ரிலிக்கைப் பிடிவாதமாகப் பரிந்துரைப்பவர்கள் கூட இந்த ஓரிடத்தில் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். அதேசமயம் வாய் எரிச்சல் எல்லாமே ஒவ்வாமை ஆகிவிடாது. சரியாகப் பொருந்தாத செட்டும், இரவில் கழற்றாத செட்டின் அடியில் வளரும் பூஞ்சையும் இதே எரிச்சலைத் தரும்.

முதன்முறை மாட்டுவதற்கு முன் மேல் செட்டைச் சூடான குழாய் நீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்தார் மருத்துவர். கையில் இளகிய அந்தத் துண்டைப் பற்களுக்கு மேலே வைத்து மெல்ல அழுத்தியதும், கொக்கிகள் விரிந்து பற்களின் கழுத்தைத் தாண்டி, தாமாக மூடிக்கொண்டன. கொக்கியும் அதே நைலான்தான். ஈறின் நிறத்தில், ஈறோடு ஈறாகக் கோரைப்பல்லின் அடியைக் கட்டிப்பிடித்திருக்கிறது. கண்ணாடியில் எந்தக் கோணத்தில் திருப்பிப் பார்த்தும் அது ஒரு தனிப்பொருள் என்று தெரியவில்லை. அண்ணத்தை மூடும் பகுதியும் குறைந்தது, பேச்சு இரண்டே நாளில் இயல்பானது. வேண்டுமென்றே ஒருமுறை அரையடி உயரத்திலிருந்து மேசைமேல் போட்டேன்; ஒன்றும் ஆகவில்லை. நான் அன்றைக்கு மறுப்பில்லாமல் மகிழ்ந்தேன், மேல் செட்டைப் பொறுத்தவரை அந்த மகிழ்ச்சியை இன்றும் திரும்பப் பெற வேண்டியதில்லை.

கீழ் செட்டின் கதை வேறு. முதல் மாதம் அதுவும் சுகமாகவே இருந்தது. அக்ரிலிக் அணிந்து பழகிய ஈறுக்கு அந்த மென்மை ஒரு விடுதலை போலத் தோன்றியது. நாலைந்து மாதங்களில் இரண்டு விஷயங்களைக் கவனித்தேன். வலப்பக்கம் அழுத்தி மென்றால் செட்டின் பின்முனை கீழே அமுங்கி, வாயைத் திறக்கும்போது மெல்ல எழும்பி வந்தது. அந்த அசைவில் உணவுத் துணுக்குகள் அடியில் புகுந்தன. என்னையறியாமல் நான் இடப்பக்கத்துக்கு மாறிவிட்டேன். அடுத்து, இடைவெளிக்கு முன்னால் கடைசியாக நிற்கும் என் சொந்தப் பல்லைச் சுற்றி, நைலான் கொக்கி மூடியிருந்த ஈறு சிவந்து, பல் துலக்கும்போது இரத்தம் கசிந்தது.

ஒரு மெல்லிய நீலத்தாளைக் கடிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு மருத்துவர் விளக்கினார்: "கடைசிப் பல்லுக்குப் பின்னால் இதைத் தாங்க எதுவுமே இல்லை. நீங்கள் மெல்லும் சுமை முழுவதையும் ஈறும் அதற்கு அடியில் உள்ள எலும்பும்தான் வாங்குகின்றன. செட் வளைவதால் அந்தச் சுமை பரவாமல் ஓரிடத்திலேயே குவிகிறது." எட்வர்டு கென்னடி என்ற பல் மருத்துவர் 1925-இல் பல் இடைவெளிகளை நான்கு வகைகளாகப் பிரித்தார், மருத்துவர்கள் இன்றும் அதையே பயன்படுத்துகிறார்கள். இடைவெளியின் இரு முனைகளிலும் பல் இருப்பது மூன்றாம் வகை. என் மேல்வரிசை அது. பின்முனை திறந்து கிடப்பது, இருபுறமும் என்றால் முதல் வகை, ஒருபுறம் என்றால் இரண்டாம் வகை. என் கீழ்வரிசை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. மேலே முன்னும் பின்னும் இரு பற்கள் அணைத்து நிற்பதால் செட்டுக்குப் போக்கிடமில்லை, இரண்டே பல் நீளமுள்ள தளம் வளைய இடமுமில்லை. கீழேயோ அது ஒரு முனையில் மட்டும் பிடித்த பலகை போல ஒவ்வொரு கடியிலும் தாழ்ந்து எழுந்துகொண்டிருந்தது.

கையில் எடுத்தால் இதமாகத் தோன்றும் அந்த வளையும் தன்மைதான் இங்கே குறையாகிறது. பல்செட் தளத்துக்கான ஐ.எஸ்.ஓ. 20795-1 என்ற பன்னாட்டுத் தரநிலை, வெப்பத்தில் இறுக்கிய அக்ரிலிக்குக் குறைந்தது 2000 மெகாபாஸ்கல் விறைப்பாவது இருக்க வேண்டும் என்கிறது. ஃப்ளெக்சிபிள் செட்டுக்குப் பயன்படும் நைலான்களில் பல அந்த அளவை எட்டுவதில்லை. அதோடு, பல்லின் மெல்லும் பரப்பில் ஒரு சிறு பள்ளத்தில் உட்கார்ந்து செட் கீழே இறங்காமல் தடுக்கும் ரெஸ்ட் என்ற உலோக ஊன்று வழக்கமான ஃப்ளெக்சிபிள் செட்டில் இருப்பதில்லை. ஜப்பானியப் பல்செட் மருத்துவர்களின் சங்கம் 2014-இல் வெளியிட்ட நிலைப்பாடு இதில் தெளிவாக இருக்கிறது: உலோகச் சட்டம் இல்லாத வளையும் செட்டுகளை, உலோக ஒவ்வாமை போன்ற சில நிலைகள் தவிர, நிரந்தரத் தீர்வாகப் பரிந்துரைப்பதில்லை. என் மேல் செட்டை வைத்துப் பார்த்தால் இது சற்றுக் கடுமையாகத் தோன்றலாம். கீழ் செட்டை வைத்துப் பார்த்தால் ஒரு சொல்லும் மிகையில்லை. நியாயமாகச் சொல்வதானால், ரெஸ்ட் இல்லாமல் வெறும் கம்பியோடு செய்த என் பழைய அக்ரிலிக் செட்டும் ஈறின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. ஆனால் அது விறைப்பாக இருந்ததால் சுமையைத் தளம் முழுவதும் பரப்பியது, தாழ்ந்தபோது ரீலைனிங் செய்யவும் இடம் கொடுத்தது.

ஃப்ளெக்சிபிளில் அந்த வழி ஏறக்குறைய அடைபட்டிருக்கிறது. நைலானோடு அக்ரிலிக் ஒட்டாது. அடியில் படலம் சேர்க்க வேண்டுமானால் லேப்புக்கு அனுப்பி, மறுபடி அச்செடுத்து, உருக்கிச் செலுத்த வேண்டும். பல இடங்களில் புதிதாகச் செய்துவிடுங்கள் என்றே சொல்லிவிடுகிறார்கள். பற்களும் அப்படித்தான். ஒவ்வொரு செயற்கைப் பல்லின் அடியிலும் சிறு துளைகள் குடைந்து, உருகிய நைலான் அவற்றுக்குள் புகுந்து இறுகுவதால் மட்டுமே பல் நிற்கிறது. என் கீழ் செட்டில் இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில் பல்லுக்கும் இளஞ்சிவப்புத் தளத்துக்கும் இடையே மயிரிழை போல ஒரு கருங்கோடு விழுந்தது. எவ்வளவு துலக்கியும் போகவில்லை. நகத்தை வைத்து இழுத்தால் நகம் அதில் மாட்டியது. சில மாதங்கள் கழித்து, மெல்லும்போது அந்தப் பல் தனியாகக் கழன்று நாக்கின் மேல் விழுந்தது. அக்ரிலிக் செட்டாக இருந்திருந்தால் ஒரு மணி நேர வேலை; இதற்கு 9 நாட்கள் செட் இல்லாமல் இருந்தேன்.

தேய்த்துத் திருத்துவதும் எளிதல்ல. ஈறைக் குத்திய ஓரத்தைக் குறைக்கச் சொன்னபோது, வெட்டும் கருவி பட்ட இடத்தில் நைலான் சீவல் போல உதிராமல் நூல் நூலாகப் பிரிந்தது. அதற்கென்று உள்ள கல்லும் மெருகும் மருத்துவரிடம் இல்லாததால், கன்னத்தின் உட்புறத்தை அந்தச் சொரசொரப்பு ஒரு வாரம் உராய்ந்துகொண்டிருந்தது. ஃப்ளெக்சிபிள் செய்துகொள்ள நினைப்பவர்கள், திருத்தும் கருவிகள் மருத்துவரிடமே இருக்கின்றனவா, ஒவ்வொரு முறையும் லேப்புக்குத்தான் போக வேண்டுமா என்பதை முன்பே கேட்டுவிடுவது நல்லது.

பராமரிப்பைப் பற்றிச் சில சொற்கள். நைலானின் பரப்பை அக்ரிலிக் அளவுக்குக் கண்ணாடி போல மெருகேற்ற முடிவதில்லை. நாளடைவில் அது மேலும் சொரசொரப்பாகிறது, தேநீர், காபிக் கறை பிடிக்கிறது, பூஞ்சையும் அழுக்குப் படலமும் ஒட்டிக்கொள்கின்றன. நைலான் கொக்கி ஈறை மூடியிருப்பதால் அந்த அழுக்கு நேராக ஈறின் விளிம்பிலேயே தங்குகிறது. ஆகவே ஃப்ளெக்சிபிளுக்கு அதிகக் கவனம் வேண்டும், குறைவான கவனமல்ல. இரண்டுக்குமே பற்பசை வேண்டாம். அதில் உள்ள நுண்துகள்கள் கீறிவிடும். மென்மையான தூரிகையும் மிதமான சோப்பு நீரும் போதும். துணி வெளுக்கும் திரவம் நைலானின் நிறத்தைக் கெடுக்கும், கம்பியை அரிக்கும். கொதிநீரில் போட்டால் அக்ரிலிக் வளைந்துபோகும். ஃப்ளெக்சிபிளுக்குச் சொல்லப்படும் சூடான நீர் என்பதும் கொதிநீர் அல்ல. இரவில் இரண்டையும் கழற்றித் தண்ணீரில் வைக்க வேண்டும். உறங்கும்போது சிறிய ஒருபக்கச் செட் நழுவித் தொண்டைக்குள் போகும் அபாயமும் உண்டு.

இப்போது என் கீழ்வரிசையில் கோபால்ட்-குரோமியம் உலோகச் சட்டத்தின் மேல் அக்ரிலிக் தளம் வைத்த செட் இருக்கிறது. சட்டத்திலிருந்து நீளும் ரெஸ்டுகள் சொந்தப் பற்களின் மேல் உட்கார்ந்து சுமையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கின்றன. ஈறின் மேல் படும் பகுதி மட்டும் அக்ரிலிக், அதனால் ரீலைனிங் செய்யும் வசதியும் கையில் இருக்கிறது. கடைவாய் என்பதால் உலோகக் கொக்கி யார் கண்ணிலும் படுவதில்லை. சிவந்திருந்த ஈறு இரண்டு மாதத்தில் அடங்கியது, வலப்பக்கம் மெல்லும் பழக்கம் திரும்பியது. மருத்துவர் அக்ரிலிக்கா ஃப்ளெக்சிபிளா என்று மட்டுமே கேட்டால், மூன்றாவதாக இது ஒன்று இருக்கிறது என்பதை நீங்களே எடுத்துக் கேளுங்கள்.

எனது தீர்ப்பைக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். புன்னகையில் தெரியும் இடத்தில், இருபுறமும் உறுதியான பற்களுக்கு நடுவே ஒன்றிரண்டு பற்கள் மட்டும் இல்லை, எலும்பு ஆறி நிலைத்துவிட்டது, ஈறு நலமாக இருக்கிறது என்றால் ஃப்ளெக்சிபிள் செய்துகொள்ளுங்கள். அக்ரிலிக் ஒவ்வாமை உறுதியானவர்களும் அதையே நாடலாம். பல் பிடுங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தாலும், மீதமுள்ள பற்களில் இன்னும் சில போகக்கூடும் என்று மருத்துவர் ஐயப்பட்டாலும், இடைவெளியின் பின்முனை திறந்திருந்தாலும் ஃப்ளெக்சிபிளைத் தவிருங்கள். முதல் இரண்டு நிலைகளிலும் மாறிக்கொண்டே இருக்கும் வாய்க்கு, மாற்றிக்கொள்ளக் கூடிய அக்ரிலிக்தான் பொருந்தும்.

மேல் ஃப்ளெக்சிபிள் செட்டில் சென்ற மாதம் கோரைப்பல்லைப் பிடிக்கும் கொக்கி லேசாகத் தளர்ந்திருந்தது. மருத்துவர் அதைச் சூடான நீரில் காட்டி, விரலால் உள்நோக்கி மடித்து, ஆறும்வரை அப்படியே பிடித்திருந்து மாட்டிவிட்டார். நிறம் சற்று மங்கியிருக்கிறது, பற்களின் அடியில் கருங்கோடு இன்னும் விழவில்லை. அது விழுந்துவிட்டதா என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நகத்தால் தடவிப் பார்க்கிறேன்.